நிழலோடையின் நீல வரி

காட்டைக் காக்க வேண்டும் என்று எழுதப்படும் சுவரொட்டிகளில் புலி இருக்கும், யானை இருக்கும், சில வேளைகளில் வரையாடும் இருக்கும். ஊசித்தட்டான் இராது. விரலளவே உள்ள அவ்வுயிருக்காகக் குரல் கொடுப்போர் மிகச் சிலரே. ஆயினும், ஒரு மலையோடை நலமாக உள்ளதா என்பதை அறிவதற்குப் புலியைவிட அச்சிற்றுயிரே நெருங்கிய சான்றாகும்.

தட்டான் அமரும்போது சிறகுகளை விரித்து வைத்திருக்கும். ஊசித்தட்டான்களுள் பெரும்பாலானவை சிறகுகளை உடலோடு சேர்த்து மடித்துக்கொள்ளும். இவற்றுள் 'எஸ்மி' என்னும் பேரினம் மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரியது. உலகில் வேறெங்கும் காணப்படாதது. கரிய உடல், மார்பில் நீல வரிகள், வால்போல் நீண்ட வயிற்றின் நுனியில் மீண்டும் நீலம் என்பது இதன் தோற்றம். மரநிழல் கவிந்த ஓடையின்மேல் இது பறக்கையில் கருமை நிழலோடு கலந்துவிட, நீலம் மட்டும் தனியே மிதந்து செல்வதுபோல் தோன்றும்.

இப்பேரினத்தை 1922ஆம் ஆண்டில் உலகிற்கு அறிமுகப்படுத்தியவர் எஃப்.சி. ஃபிரேசர். படை மருத்துவராகப் பணியாற்றிய அவர், இந்தியத் தட்டான்களைப் பற்றி மூன்று தொகுதிகள் கொண்ட நூலையும் எழுதினார். எஸ்மியில் அவர் மூன்று சிற்றினங்களைப் பிரித்துக் காட்டினார். 'சயனியோவிட்டாட்டா' என்பதற்கு நீல வரியுடையது என்பது பொருள். இது ஆனைமலை, பழனி மலைப் பகுதிகளில் வாழ்கிறது. 'லாங்கிஸ்டைலா' பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே நீலகிரி, வயநாடு, குடகுப் பகுதிகளில் வாழ்கிறது. 'முடியென்சிஸ்' தெற்கே உள்ள பொன்முடியின் பெயரைத் தாங்கியது. மூன்றும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். ஆணின் வயிற்று நுனியில் உள்ள பற்றுறுப்புகளின் வடிவத்தைக் கொண்டே அறிஞர் இவற்றை வேறுபடுத்துகின்றனர்.

இவ்வேறுபாடு அறிஞர்க்கு மட்டும் உரிய நுணுக்கம் என்று ஒதுக்கத்தக்கதன்று. ஓரிடத்து ஓடை அழிந்தால், "இத்தகைய பூச்சி வேறு மலையில் இருக்கிறதே" என்று அமைதி கொள்வோர் உண்டு. வேறு மலையில் இருப்பது வேறு சிற்றினம். தெற்கு மலையில் இழந்ததை வடக்கு மலை ஈடுசெய்யாது. ஓடையை விட்டு நெடுந்தொலைவு செல்லாத இவ்வுயிர்களுக்கு, அகன்ற கணவாய் ஒரு கடலைப் போன்றது.

இவற்றின் தேவைகள் மிகச் சில. பெண் ஊசித்தட்டான் நீரை ஒட்டிய தாவரத் திசுவினுள் முட்டையிடும். முட்டையிலிருந்து வெளிவரும் இளவுயிரி நீருக்குள்ளேயே வளர்ந்து, சிறு நீர்ப்பூச்சிகளை உண்ணும். ஆதலால் தெளிந்த நீரும், கரையோரச் செடிகளும், மேலே மரநிழலும் ஒருங்கே வேண்டும். கரைமரங்களை வெட்டினால் நீர் சூடேறுகிறது. தோட்டங்களில் தெளிக்கும் பூச்சிக்கொல்லி மழையோடு ஓடையில் இறங்குகிறது. சுற்றுலா வருவோர் விட்டுச்செல்லும் குப்பையும் சோப்பு நுரையும் எஞ்சியதைக் கெடுக்கின்றன.

மனிதனுக்கு நீர் வேண்டாவா, பூச்சிக்காக ஓடையை விட்டுவிட இயலுமா என்று சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஆனால், எவரும் நீரெடுப்பதை நிறுத்தவேண்டுவதில்லை. இரு கரைகளிலும் மரவரிசையை விட்டுவைத்தல், கோடையிலும் சிறிது நீரை ஓடவிடுதல், நஞ்சு தெளிக்கும்போது கரையிலிருந்து விலகி நிற்றல் ஆகிய மூன்றும் போதும். கீழே வாழும் ஊர்கள் குடிப்பதும் அதே நீரைத்தான். தட்டானுக்குத் தீங்கான நஞ்சு அவ்வூர்களுக்கு நன்மை செய்யப்போவதில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலை 2012ஆம் ஆண்டில் உலக மரபுச் செல்வங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. அப்பெருமை சிகரங்களுக்கு மட்டும் உரியதன்று. பெயரற்ற சிற்றோடைகளுக்கும் உரியது. மலைப்பகுதியில் சாலையோ கட்டடமோ திட்டமிடுவோர், வெட்டப்படும் மரங்களை எண்ணுவதோடு நில்லாமல், அங்குள்ள ஓடைகளையும் அவற்றில் வாழும் சிற்றுயிர்களையும் கணக்கில் கொள்ள வேண்டும். நீல வரி ஓர் ஓடையைவிட்டு மறைந்த பின்னர் அதனைத் தேடிச் செல்வதைக் காட்டிலும், மறையாமல் காப்பதே அறிவுடைமை.