ஒப்புக்கொண்டானாம்!

"கைதான ஆசாமி குற்றத்தை ஒப்புக்கொண்டான்" என்று பத்திரிகையில் ஒரு வரி வந்துவிட்டால் போதும். காலைக் காப்பி ஆறுவதற்குள் நம் வீட்டுக் கூடங்களில் விசாரணை முடிந்து தண்டனையும் விதிக்கப்பட்டுவிடுகிறது. சட்டமோ இத்தனை அவசரப்படுவதில்லை.

போலீஸ் அதிகாரியிடம் ஒருவன் சொன்ன குற்ற ஒப்புதலை அவனுக்கு விரோதமாகக் கோர்ட்டில் ருசுப்படுத்தக் கூடாது என்றது 1872-ம் வருஷத்து இந்திய சாட்சியச் சட்டத்தின் 25-வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமும் 23-வது பிரிவில் இவ்விதியைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. காரணம் வெளிப்படை. அடிக்குப் பயந்தவன் செய்யாததையும் செய்ததாகச் சொல்வான். அன்றியும், வாக்குமூலம் சுலபமாகக் கிடைத்துவிட்டால், வெயிலில் அலைந்து வேறு சாட்சியம் தேட யாருக்கு மனம் வரும்?

விலக்கு ஒன்று உண்டு. காவலில் இருப்பவன் சொன்ன தகவலைக்கொண்டு புதைத்த நகையோ கத்தியோ அகப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்பை ஒட்டிய பேச்சு மட்டும் செல்லும். மனமுவந்து ஒப்புக்கொள்ள விரும்புகிறவன் மாஜிஸ்ட்ரேட்டிடம் சொல்லலாம். சொல்லவேண்டிய கட்டாயம் இல்லை என்றும், சொன்னால் அது அவனுக்கே பாதகமாகலாம் என்றும் அவர் முதலில் எச்சரித்தாக வேண்டும். அவன் மறுத்துவிட்டாலோ, போலீஸ் காவலில் வைக்க அவர் அனுமதிக்கக் கூடாது.

இதனால் குற்றவாளி சிலர் தப்பிவிட மாட்டார்களா? தப்பலாம். ஆனால் நிரபராதி ஒருவன் தன் வாயாலேயே தூக்குமேடை ஏறுவதைவிட அது மேல் என்பதே நமது அபிப்பிராயம். அடுத்த முறை அந்த வரியைப் படிக்கும்போது, "யாரிடம் ஒப்புக்கொண்டான்?" என்று கேட்டுக்கொள்வோமாக!