விலை தெரிந்து என்ன செய்ய?

பெரியப்பாவுக்காக ஒரு செயலி எழுதினேன். நான்கு வார இறுதிகள் போயின. சுற்றுவட்டாரத்தில் நெல் என்ன விலை போகிறது என்று தினமும் காலையில் காட்டும். பொன்னேரிப் பக்கம் அவருக்கு மூன்று ஏக்கர் பயிர். அதில் பாதி வாய்மொழிக் குத்தகை. 2025 செப்டம்பர், சொர்ணவாரி அறுத்த வாரம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பொறுமையாகப் பார்த்தார். "நல்லாருக்குடா. ஆனா இது எனக்குத் தெரிஞ்ச வெலதானே?" என்றார். அன்று சாயங்காலமே, குவிண்டாலுக்கு 400 ரூபாய் குறைவாக, வாசலுக்கு வந்த வியாபாரியின் லாரியில் நெல்லை ஏற்றிவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. அது முட்டாள்தனமான கோபம் என்று புரியக் கொஞ்ச நாள் பிடித்தது.

எங்கள் ஐ.டி. துறையில் ஒரு மூடநம்பிக்கை உண்டு: விவசாயிக்கு விலை தெரியாது, தெரிந்துவிட்டால் ஏமாறமாட்டார். இதற்குச் சாட்சியாகக் கேரள மீனவர்களைக் காட்டுவோம். 1997 முதல் அந்தக் கடலோரத்தில் செல்போன் பரவியது. கடலிலிருந்தே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுப் படகைத் திருப்பினார்கள். ராபர்ட் ஜென்சன் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி மீனவர்களின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குபவர்களுக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. படித்துச் சொக்கிப்போனவர்களில் நானும் ஒருவன். ஆனால் அந்தக் கதையில் நாம் போனை மட்டும்தான் பார்த்தோம். படகைப் பார்க்கவில்லை. மீன் ஏற்கெனவே படகில் இருந்தது. திருப்பினால் இன்னொரு கரை இருந்தது.

பெரியப்பாவிடம் என்ன இருந்தது? அறுவடை மிஷின் ஊருக்குள் இறங்கினால் ஒரே வாரத்தில் அத்தனை வயலும் முடிந்துவிடும். ஊர் நெல் மொத்தமும் ஈரத்தோடு ஒரே நேரத்தில் கொட்டிக் கிடக்கும். செப்டம்பர் மாதம், சாயங்காலமானால் இடிமழை. களம் போதாமல் ரோட்டோரத்தில் காயவைப்பார்கள். அரசு நேரடிக் கொள்முதல் நிலையத்தில் விலை நல்ல விலைதான்: மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து 2025-26 பருவத்துக்குச் சாதாரண ரகம் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545. ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். சிட்டா, அடங்கல் வேண்டும். குத்தகை நிலத்துக்கு அந்தக் காகிதம் இன்னொருவர் பெயரில் இருக்கிறது. முறை வரும்வரை தார்ப்பாய் போட்டுக் காவல் காக்க வேண்டும். வியாபாரியோ நடவுக்கே முன்பணம் கொடுத்தவர்.

ஆக, அந்த 400 ரூபாய் அறியாமைக்குக் கொடுத்த விலை இல்லை. காத்திருக்க முடியாததற்குக் கொடுத்த விலை. 60 குவிண்டாலுக்கு 24,000 ரூபாய். பெரியப்பா மகள் காலேஜில் சேரவேண்டிய வருடம் அது. இதுவே முழுக்காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அவள் இப்போது காலை ஐந்து மணிக்குக் கம்பெனி வேனில் கும்மிடிப்பூண்டிக்குப் போகிறாள்.

வியாபாரியைத் திட்டுவது சுலபம். மழை நாளிலும் வருபவர் அவர்தான், ரொக்கம் தருபவரும் அவர்தான். 2016-ல் இ-நாம் மின்னணுச் சந்தை வந்தது. 2020 வேளாண் சட்டங்கள், எங்கே வேண்டுமானாலும் விற்கலாம் என்றன. 2021 நவம்பரில் திரும்பப் பெறப்பட்டன. ஒன்று திரை, இன்னொன்று சுதந்திரம். இரண்டுமே நனைந்த நெல்லைக் காயவைக்காது.

அவள் வேலைக்குப் போகும் அதே சிப்காட்டைப் பாருங்கள். தொழிற்சாலை வேண்டும் என்றபோது அரசு நிலம் எடுத்தது, ரோடு போட்டது, தண்ணீர் கொண்டுவந்தது. முதலாளியைக் கூப்பிட்டு, "இந்தாப்பா ஆப், மத்ததை நீயே பாத்துக்கோ" என்று யாரும் சொல்லவில்லை. சந்தைக்குக் கட்டுமானம் தேவை என்று அங்கே எல்லோருக்கும் புரிகிறது. நெல்லுக்கு மட்டும் தகவல் போதும் என்கிறோம்!

நாலைந்து ஊருக்கு ஒரு சிமென்ட் களம், மேலே கூரை, ஓர் உலர்த்தும் இயந்திரம், சந்தேகப்பட வேண்டாத எடைமேடை, வைத்த நெல்லின் பேரில் அன்றைக்கே கடன். கடைசியாகச் சொன்னது புதிதல்ல. ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களில் பொருளீட்டுக் கடன் ஏற்கெனவே இருக்கிறது. கிடங்கு டிராக்டர் போகும் தூரத்தில் இருந்து, குத்தகைக்காரருக்கும் கதவு திறந்தால்தான் அதற்கு அர்த்தம். இவ்வளவும் இருந்தால் என் செயலிக்கும் ஒரு வேலை இருக்கும். இன்னொரு கரை இருப்பவருக்குத்தான் விலைத் தகவல் உதவும்.

நவரைக்கு முன்னால் பெரியப்பா ஒரே ஒரு மாற்றம் கேட்டார். மழை வரும் நேரத்தையும் காட்டச் சொன்னார். சேர்த்துக் கொடுத்தேன். இப்போது விலையும் தெரியும், மழை எத்தனை மணிக்கு வரும் என்றும் தெரியும். நெல்லை வைக்கத்தான் இடமில்லை.