மழைக்குக் கதவை மூடினால் படகுக்குள் எமன்!

படகில் போகிறவர்கள் பயப்படுவது தண்ணீருக்கு. நீச்சல் தெரியாதே, கவிழ்ந்தால் என்ன ஆகும் என்றுதான் மனசு அடித்துக்கொள்ளும். நியாயமான பயம்தான். ஆனால் தண்ணீரில் விழாமலே, ஒரு சொட்டுகூட உடம்பில் படாமலே, படுத்த இடத்திலேயே உயிர் போக படகுக்குள் ஒரு வழி இருக்கிறது. அது என்ஜின் புகை.

புகை என்றால் கண் எரியும், இருமல் வரும், எழுந்து ஓடிவிடலாம் என்று நினைப்பார்கள். கொல்வது அந்தப் புகை அல்ல. அதோடு கலந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு. நிறம் கிடையாது. வாசனை கிடையாது. கண் எரியாது. டீசல், பெட்ரோல், விறகு, கரி எது எரிந்தாலும் வரும். டீசலைவிட பெட்ரோல் என்ஜினில் அதிகம். மூச்சில் போனதும், ரத்தத்தில் பிராண வாயு உட்கார வேண்டிய இடத்தில் இது போய் உட்கார்ந்து கொள்ளும். ரத்தத்தோடு ஒட்டிக்கொள்வதில் பிராண வாயுவைவிட இதற்கு 200 மடங்குக்கு மேல் பலம். லேசில் இடத்தைக் காலி செய்யாது.

வடகரை வேன்

2024-ம் ஆண்டு டிசம்பர் 23-ந்தேதி கேரள மாநிலம் வடகரையில் ரோட்டோரம் நின்ற ஒரு கேரவன் வேனுக்குள் 2 பேர் பிணமாகக் கிடந்தார்கள். அடிதடி இல்லை, ரத்தம் இல்லை. ஏ.சி. போட்டுக்கொண்டு தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை. கள்ளிக்கோட்டை என்.ஐ.டி. நிபுணர்கள் வந்து சோதித்தார்கள். ஏ.சி.க்காக ஓடிய ஜெனரேட்டரின் வாயு, வண்டியின் தரையில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியது தெரிந்தது.

இதற்கும் படகுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நிறைய இருக்கிறது.

பரீட்சை முடிந்ததும் சென்னையில் இருந்து குடும்பம் குடும்பமாக ஆலப்புழைக்குக் கிளம்புகிறார்கள். படகு வீடு. மத்தியானம் கரிமீன், சாயங்காலம் பழம்பொரி, ராத்திரி ஏ.சி. அறை. மீனவர்கள் வலை போடுவதற்காக மாலை ஐந்தரை மணிவாக்கில் படகுகளை ஓரம் கட்டிவிட வேண்டும். அப்புறம் விடிய விடிய ஏ.சி. ஓட வேண்டுமே? கரையில் கரண்ட் இருந்தால் சரி. இல்லாவிட்டால் ஜெனரேட்டர்தான். அறை மூடி இருக்கிறது. ஆள் தூங்குகிறார். கீழேயோ பின்னாலேயோ என்ஜின் ஓடுகிறது. வடகரை வேனில் நடந்ததும் இதுதான்.

இன்னொன்று. படகுகளை ஒன்றை ஒன்று உரசியபடி வரிசையாகக் கட்டுகிறார்கள். உங்கள் படகின் ஜெனரேட்டர் ஓடாவிட்டாலும், பக்கத்துப் படகின் புகைக் குழாய் உங்கள் ஜன்னலைப் பார்த்து இருக்கலாம். காசிமேட்டிலும் இதை யோசிக்க வேண்டியவர்கள் இருக்கிறார்கள். நாள் கணக்கில் கடலில் தங்கி, விசைப்படகிலேயே சமைத்து, என்ஜினுக்குப் பக்கத்திலேயே படுத்து எழுகிறவர்கள்.

திறந்த ஏரியிலும்

மூடிய அறையில்தான் ஆபத்து, வெளியே காற்று அடிக்கும்போது என்ன பயம் என்று நினைப்பதும் தப்பு. அமெரிக்காவில் யூட்டா, அரிசோனா மாநிலங்களின் எல்லையில் பாவெல் ஏரி என்று ஒரு பெரிய ஏரி உண்டு. அங்கேயும் படகு வீடுகள்தான். 2000-ம் ஆண்டு ஆகஸ்டில் 8 வயது, 11 வயது அண்ணன் தம்பி இருவர், படகின் பின்பக்கம் தண்ணீரில் விளையாடிக்கொண்டு இருந்தார்கள். ஏறி இறங்கும் மேடைக்கு அடியில் இருந்த இடைவெளிக்குள் நீந்திப் போனார்கள். ஜெனரேட்டரின் புகைக் குழாய் திறப்பது அந்த இடைவெளிக்குள்தான்! இருவரும் பலி. முதலில் பார்த்தால் மூழ்கிச் செத்த மாதிரிதான் இருக்கும். கொன்றது வாயு.

அதன் பிறகு அந்த நாட்டு அதிகாரிகள் ஏரி ஏரியாக அளந்து பார்த்தார்கள். பழைய சாவுகளையும் தோண்டிப் பார்த்தார்கள். மூழ்கியதாக எழுதப்பட்ட சிலரின் சாவுக்கும் இதே வாயுதான் காரணம் என்று தெரியவந்தது. என்ஜின் ஓடும்போது படகின் பின் மேடையைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைத் தடுக்க கலிபோர்னியா மாநிலம் 2004-ல் சட்டமே போட்டது. நம்ம ஊரில் பையன்கள் அப்படித் தொங்கினால் "கெட்டிக்காரப் பயல்" என்று போட்டோ எடுக்கிறோம்.

மழை வந்தால்

இனிதான் விஷயமே. இந்த வாயுவுக்கு ரொம்பப் பிடித்தது மழை.

கோடையில் காலை வெயில் பளிச்சென்று இருக்கும். மத்தியானம் 2 மணி, 3 மணிக்கு மேல் மலைப்பக்கம் கருக்கும். திடீரென்று குளிர்ந்த காற்று வீசும். தண்ணீர் சிலிர்க்கும். அடுத்த சில நிமிஷத்தில் மழை. "சும்மா தூறல் சார், போயிடும்" என்பார் படகுக்காரர். திருப்பினால் அவருக்குச் சவாரிக் காசு போச்சு. சரி என்று எல்லாரும் உள்ளே போவார்கள். கதவைச் சாத்துவார்கள். தார்ப்பாயை இறக்கிக் கட்டுவார்கள்.

குழந்தை நனையக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த நிமிஷத்தில் என்ன நடக்கிறது? படகுக்குள் வந்த புகை வெளியே போக வழி இல்லை. முன்பக்கம் அடைத்து, பின்பக்கம் மட்டும் திறந்திருந்தால் இன்னும் மோசம். ஓடுகிற படகின் பின்னால் இருக்கும் காற்று உள்ளே இழுக்கும். டவுன் பஸ்சில் கடைசி சீட்டுக்காரருக்கு இது தெரியும்: ஜன்னல் எல்லாம் மூடியிருக்கும், ஆனால் புகை வாடை மட்டும் எப்படியோ உள்ளே வரும். இறக்கிய தார்ப்பாய் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துப் படகைச் சாய்க்கவும் செய்யும்.

சாய்ந்தால்? 2018-ம் ஆண்டு மே 15-ந்தேதி ஆந்திராவில் தேவிபட்டணம் பக்கம் கோதாவரியில் ஒரு லாஞ்ச் போய்க்கொண்டு இருந்தது. சூறைக்காற்றோடு மழை. நனையாமல் இருக்க கதவு, ஜன்னல்களை மூடினார்கள். படகு கவிழ்ந்தது. வெளியே இருந்தவர்களில் பலர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்குக் கதவைத் திறக்க முடியவில்லை. சுமார் 20 பேர் ஜலசமாதி.

புகைக்கும் புயலுக்கும் ஒரே மருந்துதான். திறப்பு இருக்க வேண்டும். நனைந்தால் நனையட்டும், துவட்டிக்கொள்ளலாம். லைப் ஜாக்கெட்டைத் தலையணையாக வைக்காமல் போட்டுக்கொண்டு, வாசல் பக்கமாகத் தாழ உட்கார்ந்து, பக்கத்தில் எந்தக் கரை இருக்கிறதோ அங்கே படகை விடச் சொல்ல வேண்டும். இடி காதில் கேட்டாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கரையிலேயே இருப்பது நல்லது.

மயக்கம் வந்தால்

முதலில் தலைவலி. பிறகு தலைசுற்றல், குமட்டல், அசதி. படகில் இதெல்லாம் வந்தால் என்ன சொல்வோம்? "ஆட்டத்துல வாந்தி வருது, கொஞ்ச நேரம் உள்ளே போய்ப் படு." இதைவிட ஆபத்தான யோசனை கிடையாது. என்ஜின் ஓடும் படகில் ஒருவருக்குத் தலை வலித்தால் வெளிக்காற்றுக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு மூன்று பேருக்குச் சேர்ந்தாற்போல் வலித்தால் சந்தேகமே வேண்டாம். என்ஜினை நிறுத்தச் சொல்லுங்கள், கரைக்கு வந்ததும் 108-க்குப் போன் செய்யுங்கள். புகைக்குள் இருந்தோம் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த விரல் கிளிப்பை இதற்கு நம்பாதீர்கள். வாயு ஏறிய ரத்தத்தையும் பிராண வாயு ஏறிய ரத்தம் என்றே அது எண்ணிக்கொள்ளும். ஆள் மயங்கிக் கிடப்பார், கருவி 98 காட்டும்!

சான்றிதழ் கொடுப்பவர்கள் கவனிக்க

படகு விபத்து நடந்தால் லைப் ஜாக்கெட் இருந்ததா, எத்தனை பேர் ஏறினார்கள் என்று விசாரிக்கிறார்கள். 2011-ம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் 22 பேர் பலியானபோதும் அதுதான் பேச்சு. விசாரிக்க வேண்டியதுதான். ஆனால் புகைக் குழாய் எங்கே திறக்கிறது, ஓட்டை இருக்கிறதா, படுக்கை அறையில் வாயு அலாரம் இருக்கிறதா என்று படகில் ஏறும் எந்தப் பயணியாவது கேட்டதுண்டா?

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் ராக்கெட் சமாச்சாரம் இல்லை. பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி. வாயு ஏறினால் அலறும். சாதாரண புகை அலாரம் இதைக் கண்டுபிடிக்காது என்பதையும் கவனிக்க வேண்டும். ஒரு ராத்திரிக்கு ஆயிரக்கணக்கில் வாடகை வாங்கும் படகுக்காரருக்கு இது ஒரு செலவா? உள்நாட்டு நீர்வழிப் படகுகளுக்குப் பதிவும் சோதனையும் சான்றிதழும் வேண்டும் என்று 2021-ல் மத்திய அரசு புதுச் சட்டம் கொண்டு வந்தது. அந்தச் சோதனைக்குப் போகும் அதிகாரிகள், ஆள் தூங்கும் அறையில் அலாரம் இல்லாத படகுக்குக் கையெழுத்துப் போடக் கூடாது. லைப் ஜாக்கெட்டை எண்ணுகிற மாதிரி இதையும் எண்ண வேண்டும்.

அதுவரை, கோடைக்கு முன்பணம் கட்டப் போகிறவர்கள் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம். சாப்பாடு சைவமா அசைவமா, ஏ.சி. எத்தனை மணிக்குப் போடுவீர்கள் என்று போனில் கேட்கிறோம் அல்லவா? அதோடு, "ஜெனரேட்டர் எங்கே இருக்கு, குழாய் எந்தப் பக்கம்?" என்றும் கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் வேறு படகு பாருங்கள். ஆலப்புழையில் படகுக்குப் பஞ்சம் இல்லை.