மொட்டை டயரும் மழைக்காலமும்

புது வண்டி வாங்கியதும் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். நம்மில் பலர் டயருக்குச் செய்யும் முதலும் கடைசியுமான மரியாதை அதுவாகவே இருக்கிறது. அதன்பின் பஞ்சர் ஆனால் ஒழிய அதன் பக்கம் குனிந்து பார்ப்பதில்லை.

மோட்டார் சைக்கிள் சாலையைத் தொடுவது சக்கரத்துக்கு ஏறக்குறைய உள்ளங்கையளவு ரப்பரால் மட்டுமே. பிரேக் பிடித்து நிற்பதும் வளைவில் சாய்ந்து மீள்வதும் அந்தப் பிடிமானத்தை நம்பித்தான். ‘பட்டன்’ என்று நாம் சொல்லும் மேடுகளுக்கு இடையிலுள்ள பள்ளங்கள், நனைந்த சாலையில் நீரை வெளியேற்றி ரப்பரைத் தரையோடு சேர்க்கின்றன. ஆகவேதான் தேய்ந்த டயர் கோடை முழுதும் தன் குறையைக் காட்டிக்கொள்வதில்லை; ஐப்பசி மழையில் காட்டிவிடுகிறது. 2019 முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஏ.பி.எஸ். கூட, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்குமேயன்றி, இல்லாத பிடிமானத்தை உண்டாக்காது.

2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். எல்லாவற்றுக்கும் டயரைக் குற்றம் சொல்ல முடியாதுதான். ஆயினும், தலைக்கவசத்தைப் பற்றி இவ்வளவு பேசிய நாம், விழாமல் காக்கும் பொருளைப் பற்றி ஏன் பேசவில்லை?

வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாகும் முன் காற்றழுத்தம் பார்க்கலாம். பள்ளத்துக்குள் இருக்கும் சிறு தேய்மான மேட்டின் மட்டத்துக்குப் பட்டன் வந்துவிட்டால் டயரை மாற்றியாக வேண்டும். பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் தயாரித்த நாளைச் சொல்லும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பட்டன் தேயாவிட்டாலும் முதிர்ந்த ரப்பர் இறுகி வெடிப்பு விடும்.

இவற்றை அறிந்தும் நூல் தெரியும்வரை ஓட்டுகிறவர்கள் உண்டு. அலட்சியம் என்று அவர்களை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. நாள் முழுதும் உணவுப்பொதி சுமந்து ஓடுபவருக்கு டயர் விரைவில் தேய்கிறது. புதியது வாங்கும் செலவோ பெரும்பாலும் அவர் தலையிலேயே விழுகிறது. மழையில் ஓடினால் கூடுதல் தொகை தரும் நிறுவனங்கள், அந்த மழையில் ஓடத்தக்க டயருக்கும் பொறுப்பேற்பதே முறை. அது அவருடைய சொந்தச் செலவு அல்ல, தொழிற்கருவி. சோதனைச் சாவடியில் தலையைப் பார்க்கும் காவலர் ஒரு கணம் சக்கரத்தையும் பார்த்து எச்சரிக்கலாம். அபராதம் பிறகு இருக்கட்டும்.