காலேஜு வீட்டுக்குள் வந்தால்

காலேஜில் பெயர் பதிந்துவிட்டதனாலேயே ஒருவன் படிக்கிறான் என்றோ, வகுப்பில் உட்கார்ந்திருப்பதனாலேயே ஒருத்திக்குப் பாடம் ஏறுகிறது என்றோ நாம் நினைத்துக்கொண்டிருப்போமானால் அதைவிட ஏமாளித்தனம் வேறு இருக்க முடியாது. இன்று காலேஜுப் பாடம் மூன்று விதமாக நடக்கிறது. நேரில் போய் உட்கார்ந்து கேட்பது ஒன்று; வீட்டிலிருந்தபடியே செல்போனில் கேட்கும் ஆன்லைன் வகுப்பு ஒன்று; பாதி நேரில், பாதி செல்போனில் என்று கலந்து நடத்துவது ஒன்று. இவற்றில் மனதை நிறுத்திப் படிப்பது எப்படி என்பது ஏதோ பட்டணத்துப் பிள்ளைகளின் கவலை என்று மேல்மலையனூர்ப் பக்கத்துத் தோழர்கள் தள்ளிவிடக் கூடாது. பட்டணத்துப் பிள்ளை வகுப்பில் தூங்கினால் வீட்டில் சொல்லிக்கொடுக்கப் படித்த தகப்பன் இருப்பான். இல்லாவிட்டால் பணம் கொடுத்து டியூஷன் வைப்பான். செஞ்சியில் வண்டி மாறித் திண்டிவனத்துக்கோ விழுப்புரத்துக்கோ போகிற நம் பிள்ளைக்கு, குடும்பத்திலேயே முதன்முதல் காலேஜு வாசற்படி மிதிக்கிற பிள்ளைக்கு, வகுப்பில் தவறவிட்டது தவறவிட்டதுதான்.

2020-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் கொரோனாவுக்காகக் காலேஜுகளை மூடினார்கள். அவ்வருஷம் டிசம்பர் 7-ந் தேதி கடைசி வருஷத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் கதவு திறந்தது. பிறகு மூடி, 2021 செப்டம்பர் 1-ந் தேதி திறந்து, 2022 ஜனவரியில் இன்னொரு தடவையும் மூடினார்கள். இத்தனை காலமும் காலேஜு செல்போனுக்குள் இருந்தது. செல்போனோ எல்லார் வீட்டிலும் ஒரே மாதிரி இருக்கவில்லை. 2017-18-ல் இந்திய சர்க்கார் எடுத்த கணக்குப்படி நம் தேசத்துக் கிராமங்களில் 100 வீட்டுக்கு 15 வீட்டில்தான் இன்டர்நெட் வசதி. கம்ப்யூட்டர் இருந்தது 100-க்கு 4 வீட்டில். சென்னை சர்க்கார் 2021 ஜனவரி முதல் ஏப்ரல் வரை தினம் 2 ஜிபி வீதம் 9,69,047 காலேஜுப் பிள்ளைகளுக்கு இலவச டேட்டா கார்டு தருவதாக அறிவித்தது. நல்ல காரியந்தான். ஆனால் டேட்டா கார்டு வகுப்பைத் திறந்துவிடுமே ஒழிய, வகுப்பில் உட்காருகிறவனின் புத்தியைத் திறந்துவிடுமா?

அக்காலத்தில் நடந்தது என்ன? பெயர் கூப்பிடும்போது "இருக்கிறேன்" என்று தட்டிவிட்டு, செல்போனைத் தலையணையின்மேல் சாய்த்துவிட்டு எழுந்து போனவர்கள் எத்தனையோ பேர். இது எப்படி இருக்கிறதென்றால், சரஸ்வதி பூஜைக்குப் புத்தகங்களை அடுக்கிப் பொட்டு வைத்துப் படையல் போட்டுவிட்டு, அன்றைக்கு மட்டும் ஒருவரும் அவற்றைத் தொட்டுப் படிக்கக் கூடாது என்கிறார்களே, அதுபோல இருக்கிறது. அங்கே புத்தகத்துக்கு மரியாதை. இங்கே வருகைப் பதிவுக்கு மரியாதை. படிப்பு மட்டும் இரண்டிலும் இல்லை. பிறகு 2021 நவம்பரில் தமிழ்நாட்டில் பல ஊர்களில் மாணவர்கள் தெருவுக்கு வந்து, ஆன்லைனில் பாடம் நடத்தினீர்கள், ஆன்லைனிலேயே பரீட்சையும் வையுங்கள் என்றார்கள். அவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டினவர்கள் உண்டு. நாம் அப்படித் திட்டச் சம்மதியோம். எங்களுக்குப் பாடம் ஏறவில்லை என்று லட்சம் பிள்ளைகள் வேறு எப்படித்தான் சொல்லுவார்கள்?

நேரில் நடக்கிற வகுப்பு மட்டும் உத்தமம் என்று யாரும் எண்ண வேண்டாம். வாத்தியார் சொல்லிக்கொண்டே போக, பிள்ளைகள் கைகட்டிக் கேட்பது கதாகாலட்சேபமே தவிர வகுப்பல்ல. விஞ்ஞானம், கணக்கு, இஞ்சினீரிங் வகுப்புகளைப் பற்றி நடந்த 225 ஆராய்ச்சிகளை 2014-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். வெறும் பிரசங்கம் நடந்த வகுப்புகளில் 100-க்கு சுமார் 34 பேர் தேறவில்லை. பிள்ளைகளைக் கேட்கவும் தர்க்கம் செய்யவும் கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கவும் வைத்த வகுப்புகளில் தேறாதவர்கள் சுமார் 22 பேர். 2019-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வெளியான இன்னொரு ஆராய்ச்சியில் வேடிக்கை என்னவென்றால், நயமான பிரசங்கத்தைக் கேட்ட பிள்ளைகள் தாங்கள் நிறையக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார்கள். பரீட்சை வைத்தபோது, முட்டி மோதித் தாங்களே செய்து பார்த்தவர்கள்தான் அதிகம் கற்றிருந்தார்கள். காலட்சேபத்திலும் காது குளிரத்தான் செய்கிறது. வீட்டுக்குக் கொண்டுவருவது விபூதிப் பொட்டலம்.

"எங்கள் பிள்ளைக்குக் கவனம் நிற்கவில்லை, அது அவன் தலையெழுத்து, நம் ஜாதிக்குப் படிப்பு வராது" என்று பேசுகிற பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களை ஒன்று கேட்கிறோம். அமாவாசைக்கு அமாவாசை மேல்மலையனூரில் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்கு வெளியூர்களிலிருந்தெல்லாம் தனி பஸ் விட்டு ஜனங்கள் வந்து, நடுராத்திரி வரை கண் கொட்டாமல் நிற்கிறார்களே, அவர்களுக்குக் கவனத்தை யார் கொடுத்தது? தனக்கு ஏதோ கிடைக்கப்போகிறது என்று நம்பினால் எந்த ஜாதிக்காரனுக்கும் கவனம் நிற்கத்தான் செய்கிறது. ஆகவே குறை மண்டையில் இல்லை. வகுப்பில் தனக்கொரு பங்கு உண்டு என்று பிள்ளைக்குத் தோன்றாததுதான் குறை. எதிர்த்துக் கேட்காதே, பெரியவர் சொன்னால் வாயை மூடு என்று 17 வருஷம் வளர்த்துவிட்டு, 18-ம் வருஷம் இங்கிலீஷில் எழுந்து கேள்வி கேள் என்றால் எங்கிருந்து கேட்பான்? தமிழிலேயே கேட்கட்டும். தெரியவில்லை என்று சொல்லுவதில் வெட்கம் எதற்கு? தெரிந்திருந்தால் காலேஜுக்கே போக வேண்டியதில்லையே.

செய்ய வேண்டிய காரியங்களோ சிறியவை. பஸ்ஸில் போகும்போது அன்றைய பாடத்தில் இரண்டு பக்கம் புரட்டி, புரியாத இடத்தைக் கேள்வியாகத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் வருகிறதா என்று காத்திருக்கிறவன் தூங்கமாட்டான். செல்போன் வகுப்பானாலும் பாயில் படுத்துக்கொண்டு கேட்காமல், தினமும் ஒரே இடத்தில், நோட்டும் பென்சிலுமாக உட்கார வேண்டும். வாய் திறந்து கேட்கக் கூச்சமானால் எழுத்தில் தட்டி அனுப்பலாம். வகுப்பு முடிந்ததும் புத்தகத்தை மூடி வைத்து, கேட்டதை நினைவிலிருந்தே எழுதிப் பார்க்க வேண்டும். இது நாம் கற்பித்துச் சொல்லுவதல்ல. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2006-ல் சோதித்தார்கள். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 100-க்கு 40 பங்கு நினைவிருந்தது. படித்துவிட்டு மூன்று தடவை பாராமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 பங்கு நினைவிருந்தது. நெட்டுருப் போடுவதே படிப்பு என்று நம்மை வைத்திருந்தவர்கள் இதை யோசிக்கட்டும். ஒரே ஊரிலிருந்து இரண்டு மூன்று பேர் போகிறவர்களானால், சாயங்காலம் ஒருவர் மற்றவருக்குப் பாடம் சொல்லிக்காட்டலாம். இதற்குக் காசும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம்.

நிற்க, பாதிக்குப் பாதி கலந்து நடத்துகிற வகுப்பைப் பற்றித்தான் நமக்குச் சந்தேகம் அதிகம். பாடத்தில் 100-க்கு 40 பங்கு வரை ஆன்லைனில் நடத்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021 மே மாதத்தில் ஒரு யோசனை வெளியிட்டது. தனியே படிக்கக் கூடியதை வீட்டில் படித்து, கேள்விகளையெல்லாம் நேர் வகுப்புக்கு மூட்டை கட்டிக்கொண்டு போனால் அது நன்மையாகவே முடியும். ஆனால் வீட்டில் விடப்பட்ட பாதி யாருக்குப் போய்ச் சேருகிறது? 1953-ல் ராஜகோபாலாச்சாரியார் பாதி நேரம் பள்ளிக்கூடம், பாதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் போட்டபோது நம்மவர்கள் கேட்ட கேள்வியும் இதுதான். அத்திட்டம் 1954-ல் காமராஜர் முதல் மந்திரியான பிறகு ஒழிந்தது. கலப்பு வகுப்பு அந்தத் திட்டமல்ல என்பது நமக்குத் தெரியும். ஆனாலும் காலேஜுக்குப் போகிற பெண் பஸ் ஏறிவிட்டால் அவளை யாரும் கூப்பிட முடியாது. வீட்டு மூலையில் செல்போனோடு உட்கார்ந்தால், "சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய், அந்தத் தண்ணீரைப் பிடித்து வை, தம்பியைப் பார்த்துக்கொள்" என்று அவளுடைய பாதி அடுப்படிக்குப் போய்விடுகிறது. அண்ணன்காரன் செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாலும் அவனை ஒருவரும் கூப்பிடுவதில்லை. வீட்டில் இருப்பது ஒரே செல்போனானால் அது யார் கைக்குப் போகும் என்பதையும் நாம் சொல்ல வேண்டியதில்லை.

சர்க்கார் பள்ளிகளில் படித்துக் காலேஜு சேருகிற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்ற புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ந் தேதி தொடங்கியபோது அதை வேண்டாம் என்று சொன்ன தகப்பன் ஒருவனையும் நாம் காணோம். தோழர்களே! உங்கள் பெண்ணுக்கு வகுப்பு எத்தனை மணிக்கு என்று இன்றைக்கு அவளிடமே கேட்டு அடுப்படிச் சுவரில் எழுதி வையுங்கள். அந்த ஒரு மணி நேரம் செல்போன் அவள் கையில் இருக்கட்டும். அடுப்பை அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும்; சோறு குழைந்தால் குழையட்டும்.