சதா சகாய மாதா படத்தை முழுதாகப் பார்ப்போம்

மாஹிம் புனித மிக்கேல் கோயிலுக்குப் புதன்கிழமைதோறும் போகிறவர்களில் நம் தமிழர்கள் எத்தனை பேர் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. தாராவியிலிருந்து நடந்தே வருகிறார்கள். கத்தோலிக்கர் மட்டுமல்ல, நெற்றி நிறைய விபூதியுடன் மெழுகுவர்த்தி பிடித்து நிற்பவர்களையும் அந்த வரிசையில் பார்த்திருக்கிறேன். சென்ற மாதம் சங்கத்தில் இந்தப் பேச்சு வந்தபோது நண்பர் ஒருவர், "ஒன்பது புதன்கிழமை போனால் கேட்டது கிடைக்குமாமே, இது என்ன லாட்டரிச் சீட்டா?" என்றார். இன்னொருவர், "நம்பிக்கை இருந்தால் போதும் சார், ஆராய்ச்சி எதற்கு?" என்றார். இருவர் சொன்னதும் எனக்கு உடன்பாடில்லை. இருவருமே அந்தப் படத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது என் தாழ்மையான கருத்து.

மூலப்படம் ரோம் நகரில் இருக்கிறது. பலகையில் தீட்டிய ஓவியம். உயரம் ஏறத்தாழ 21 அங்குலம், அகலம் 17. ஒரு சாதாரண ஜன்னல் கதவை விடச் சிறியது. பொன்னிறப் பின்னணி, கிரேக்க எழுத்துக்கள், கிரீட் தீவில் வழங்கிய பழைய பாணி. தாயின் இடக்கையில் குழந்தை இயேசு. மேலே இரு பக்கமும் இரண்டு அதிதூதர்கள். நமக்கு இடப்புறம் மிக்கேல், கையில் ஈட்டியும் கடற்பஞ்சும் காடிப் பாத்திரமும். (மாஹிம் கோயிலின் பாதுகாவலர் படத்துக்குள்ளேயே நிற்கிறார் என்பது பலருக்குத் தெரியாது.) வலப்புறம் கபிரியேல், கையில் சிலுவையும் ஆணிகளும். குழந்தை கழுத்தைத் திருப்பி அந்தப் பக்கம் பார்க்கிறது. பயத்தில் இரண்டு கைகளாலும் தாயின் வலக்கையைப் பற்றிக்கொண்டிருக்கிறது. ஓடிவந்த வேகத்தில் ஒரு கால் பாதரட்சை அவிழ்ந்து வாரில் தொங்குகிறது. தாயோ குழந்தையைப் பார்க்கவில்லை, நம்மைப் பார்க்கிறாள்.

அதாவது, வரம் கொடுக்கும் தாயின் படம் அல்ல இது. மகனுக்கு என்ன வரப்போகிறது என்று தெரிந்தும் தடுக்க இயலாமல், கையை மட்டும் கொடுக்கிற தாயின் படம்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ரயில்வே குடியிருப்பில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவின் பத்து வயது மகனுக்குச் சிறுநீரகக் கோளாறு. ஒன்பது புதன் போனார்கள். மீண்டும் ஒன்பது போனார்கள். பையன் பிழைக்கவில்லை. கருமாதி முடிந்த மறுநாள் அந்த அம்மா சுவரிலிருந்த படத்தைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றிப் பரண்மேல் போட்டுவிட்டார்கள். "எனக்கு மட்டும் ஏன் கேட்கலை?" என்றார்கள். என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. ஆனால் அந்தத் தெருவில் அந்தப் படத்துக்கு மிக நெருங்கிய உரிமைக்காரி அந்த அம்மாதான். பதினெட்டு புதன்கிழமையில் ஒரு நாளாவது அந்தச் செருப்பைக் காட்டி யாரேனும் இரண்டு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

படத்தின் சரித்திரமும் அப்படித்தான், தொலைந்து கிடைத்த கதை. கிரீட் தீவிலிருந்து ஒரு வணிகர் இதைத் திருடிக்கொண்டு ரோமுக்கு வந்தார் என்பது மரபு. 1499 மார்ச் 27 அன்று மெருலானா வீதியிலிருந்த புனித மத்தேயு கோயிலில் வைத்தார்கள். அங்கே முந்நூறு ஆண்டு மக்கள் வணங்கினார்கள். 1798-இல் பிரெஞ்சுப் படை ரோமில் புகுந்தபோது அந்தக் கோயில் தரைமட்டமானது. அகுஸ்தீன் சபைத் துறவிகள் படத்தைக் காப்பாற்றி எடுத்துப்போனார்கள். கடைசியில் அது வேறொரு மடத்தின் உள்கோயிலில் கேட்பாரற்றுத் தொங்கியது. அவுசேபியு கோயில், போஸ்தெருலா கோயில் என்று இடம் மாறியதில் ஊரே மறந்துவிட்டது.

மறக்காதவர் ஒருவர் இருந்தார். அகொஸ்தினோ ஓர்செத்தி என்னும் முதிய சகோதரர், கண்பார்வை மங்கியவர். பூசைக்கு உதவ வந்த மிக்கேலே மார்க்கி என்ற சிறுவனிடம், "இந்த மாதா மத்தேயு கோயிலில் இருந்தவள், புதுமைகள் செய்தவள், மறந்துவிடாதே" என்ற பொருள்பட மறுபடி மறுபடி சொல்லிவைத்தார். கிழவர் 1853-இல் காலமானார். பையன் வளர்ந்து புனித அல்போன்ஸ் லிகோரியார் நிறுவிய இரட்சகர் சபையில் சேர்ந்தார். அந்தச் சபையார் 1855-இல் ரோமில் ஒரு நிலம் வாங்கினார்கள். அது அதே மெருலானா வீதி, இடிந்த மத்தேயு கோயில் இருந்த இடம்! பழைய ஏடுகளைப் புரட்டிய சபைத் துறவிகள், இங்கே ஒரு மாதா படம் இருந்ததாமே என்று பேசிக்கொண்டபோது, மார்க்கி, "அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்" என்றார். 1865 டிசம்பரில் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் படத்தைத் திருப்பிக் கொடுக்க உத்தரவிட்டார். கொடுப்பவர்களுக்கு ஈடாக வேறொரு நல்ல படம் தரவேண்டும் என்றும் எழுதினார், நியாயமான மனிதர். 1866 ஏப்ரல் 26 அன்று பவனியாகக் கொண்டுவந்து புனித அல்போன்ஸ் கோயிலில் வைத்தார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறது. உலகெங்கும் பிரதிகள் போனது அதற்குப் பிறகுதான்.

மாஹிமுக்கு வந்தது இன்னும் பிந்தி. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் நவநாள் கூட்டத்தைக் கண்ட குருவானவர் ஒருவர் இங்கே தொடங்கிவைத்தார். முதல் நவநாள் 1948 செப்டம்பர் 8, மாதா பிறந்த நாள். காலண்டர் கணக்குப் போட்டுப் பார்த்தேன், அன்றும் புதன்கிழமைதான்.

இப்போது கடைகளில் விற்கும் படங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நான் டிப்ளமா படித்து முப்பத்தைந்து வருடம் தண்டவாளத்தோடு வாழ்ந்தவன். ட்ராயிங்கைப் பிரதி எடுக்கும்போது அழகாக இல்லை என்று ஒரு அளவை விட்டுவிட்டால் எங்கள் தொழிலில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் அண்மையில் ஒரு கடையில் பார்த்த படத்தில் தூதர்கள் இருவர் கையும் காலி. சிலுவை இல்லை, ஈட்டி இல்லை. இன்னொன்றில் தூதர்களே இல்லை. குழந்தை சிரிக்கிறது! செருப்பு ஒழுங்காகக் காலில் மாட்டியிருக்கிறது. கடைக்காரரைக் கேட்டால், "இதுதான் சார் போகுது, அது கொஞ்சம் சோகமா இருக்குது" என்கிறார். மெழுகில் செய்த வீடு, கை, கால், பொம்மைக் குழந்தை விற்பதில் எனக்கு வருத்தமில்லை. வாடகை வீட்டில் அல்லல்படுகிறவன் வீடு கேட்காமல் வேறென்ன கேட்பான்? அந்தப் பிழைப்பைக் கேலி செய்வது வயிறு நிறைந்தவர் வேலை. சிலுவையை எடுத்துவிட்டு விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்குச் சொல்ல இருந்த ஒரே ஆறுதலையும் அல்லவா அழித்துவிடுகிறார்கள்?

வாங்குகிறவர்கள் தூதர் கையைப் பார்த்து வாங்குங்கள். நம் சங்கமும் ஒரு காரியம் செய்யலாம். ஒரு பக்கம் முழுப் படம், மறுபக்கம் அதன் விளக்கமும் ஓர்செத்தி கிழவர் கதையும், தமிழில் ஒரே தாளில் அச்சடித்து, நவநாளுக்குப் போகும் குடும்பங்களுக்குக் கொடுக்கலாம். வரிசையில் நிற்கும் நேரம் படித்து முடிக்கப் போதும். தமிழ் வாசகத்தை நான் எழுதித் தருகிறேன். மராத்தியில் எழுத யாரேனும் முன்வந்தால் சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுக்கவும்.