உஷ்ணமா, கட்டியா?

சித்திரை பிறந்துவிட்டால் மதுரையிலும் சுற்றுப்புறத்துக் கிராமங்களிலும் எல்லா வியாதிக்கும் ஒரே காரணந்தான் சொல்லப்படுகிறது. கண் எரிந்தால் உஷ்ணம். வயிறு வலித்தால் உஷ்ணம். சிறுநீர் சிவந்தாலும் உஷ்ணம். உடனே இளநீர், வெந்தயம், எண்ணெய் ஸ்நானம். இரண்டு நாளில் நீர் தெளிந்துவிடுகிறது. "பார்த்தீர்களா, சூடு தணிந்துவிட்டது!" என்று வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதியைப் பற்றித்தான் இவ்வாரம் நாம் எழுத வேண்டியிருக்கிறது. நாம் வைத்தியர் அல்லோம்; பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லுகிறவர். ஆயினும் இது படித்த குடும்பங்கள் யாவும் அறிய வேண்டிய பாடம்.

வெயிலில் அலைந்து தண்ணீர் குடியாதவனுக்கு நீர் சுருங்கி, மஞ்சளாகிக் கடுத்து இறங்கும் என்பது மெய். பீட்ரூட் தின்றாலும் சில மருந்துகள் சாப்பிட்டாலும் நிறம் மாறுவதுண்டு. ஆனால் ரத்தமே கலந்து வருமானால் அதற்குத் தக்க காரணத்தைத் தேட வேண்டும். கல்லாக இருக்கலாம், கிருமியாக இருக்கலாம், வயதான ஆண்களுக்குப் பிராஸ்டேட் சுரப்பி பருத்ததாக இருக்கலாம். கட்டியாகவும் இருக்கலாம். கல்லும் கிருமியும் பெரும்பாலும் வலியோடு வரும். மூத்திரப்பைக் கட்டியோ அநேகமாக வலியின்றியே ரத்தம் காட்டும், தானாக நிற்கும், சில வாரமோ மாதமோ சென்று மறுபடி காட்டும். ரத்தம் நின்ற புகழ் இளநீருக்குப் போய்விடுகிறது. வளர்வதற்கு அவகாசம் கட்டிக்குக் கிடைத்துவிடுகிறது.

கட்டிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று தான் தோன்றிய இடத்திலேயே வளர்ந்து நிற்கும் சாதுவான கட்டி. மற்றொன்று புற்று, அது பையின் தசைச் சுவருக்குள் வேரோடி, பிற உறுப்புகளுக்கும் பரவக்கூடியது. மூத்திரப்பையில் முதல் வகை குறைவு. ஆயினும் திகில் கொள்ள வேண்டியதில்லை. இங்கே காணப்படும் புற்றுக்களில் நான்கில் மூன்று பங்கு, தசையை எட்டாமல் உட்தோலளவில் இருக்கும்போதே அகப்படுகின்றன. எது எவ்வகை என்பதைக் கையால் தொட்டோ நாடி பார்த்தோ சொல்ல இயலாது. சிறு குழாய் வழியே பையின் உள்ளே பார்த்து, ஒரு துண்டு எடுத்துப் பூதக்கண்ணாடியில் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். இக்கருவியை மாக்ஸ் நிட்ஸே என்ற ஜெர்மானிய வைத்தியர் 1877-லேயே அமைத்தார். சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய்களிலும் இதே உட்தோல் இருப்பதால் அவற்றையும் சோதிப்பார்கள்.

காரணம் தெரிந்த கதையும் சுவையானது. 1895-ல் பிராங்க்பர்ட் நகரத்து லுட்விக் ரேன் என்ற சத்திர வைத்தியர், ரசாயனச் சாயத் தொழிற்சாலைக் கூலிகளுக்கு இந்தக் கட்டி வருவதைக் கண்டு எழுதினார். பென்ஸிடின் போன்ற சில பொருள்களே குற்றவாளிகள் என்று பின்னர் தெளிவாயிற்று. 1990-களில் நம் தேசத்திலும் பென்ஸிடின் சாயங்களுக்குத் தடை வந்தது. சுங்குடிக்குப் பெயர்போன மதுரையில் இதைச் சொல்லும்போது, எல்லாச் சாயமும் விஷம் என்று எவரும் எண்ணலாகாது. சாயப்பட்டறையை எட்டியும் பாராதவர், அதே இனத்தைச் சேர்ந்த ரசாயனங்களைத் தினந்தோறும் தாமே உள்ளிழுக்கிறார். பீடியும் சிகரெட்டும் புகைப்பவரைத்தான் சொல்லுகிறோம். புகையின் விஷம் ரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தில் வடிந்து, மூத்திரப்பையில் மணிக்கணக்காகத் தங்குகிறது. இந்நோய்க்கு முதற்காரணம் புகையிலையே.

உட்தோலளவில் உள்ள கட்டியை வயிற்றைக் கீறாமலே குழாய் வழியே சுரண்டி எடுத்துவிடலாம். மீண்டும் முளைக்கும் சுபாவமுள்ளதால் குறித்த தவணைகளில் சோதித்துக்கொள்ள வேண்டும். க்ஷயரோகத்துக்கென ஏற்பட்ட பி.ஸி.ஜி. மருந்தை மூத்திரப்பைக்குள் செலுத்தி இதைத் தடுக்கலாமென்று 1976-ல் கனடா தேசத்து மொராலிஸ் என்பவர் வெளியிட்டார். அந்த பி.ஸி.ஜி.யைத் தயாரிக்க நம் கிண்டியில் 1948-லேயே ஆய்வுக்கூடம் ஏற்பட்டிருந்தது. தசைக்குள் வேரோடிய பின்போ பையையே அகற்ற நேரிடலாம். முந்தினவருக்கும் பிந்தினவருக்கும் உள்ள வித்தியாசம் இவ்வளவு.

பெண்மணிகள் இதை மாதவிடாயென்று எண்ணி ஒதுக்குகிறார்கள். பெரியவர்கள் வெட்கத்தால் மறைக்கிறார்கள். மதுரையில் எர்ஸ்கின் ஆஸ்பத்திரி என்று முன்னாளில் வழங்கிய அரசு இராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. இத்துறை வைத்தியர்களும் இருக்கிறார்கள். வலியில்லாமல் ஒரே ஒரு முறை ரத்தம் கண்டாலும், அது நின்றுபோனாலும், போய்க் காட்டுங்கள். இளநீரைத் திரும்பி வந்து குடிக்கலாம்.